தலை ஆடிக்கு அழைத்த பெண்

தனக்கொடியின் கல்யாணம் முடிவானது மதகடிப்பட்டு மாட்டுச் சந்தையில். இரண்டு ஜோடி உழவு மாடுகளுக்கு நடுவே, ஒரு துண்டுக்கு அடியில்.

சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே யாரும் விலையை வாய் திறந்து சொல்வதில்லை. விற்கிறவன் கையும் வாங்குகிறவன் கையும் துண்டுக்குள் போகும். விரலைப் பிடித்தால் ஒரு கணக்கு, மடக்கினால் ஒரு கணக்கு. பக்கத்தில் நிற்கிறவனுக்கு இரண்டு முகங்கள்தான் தெரியும். அந்த முகங்களும் எதையோ பறிகொடுத்த மாதிரி வைத்துக்கொள்ளப் பழகினவை. அன்றைக்குத் துண்டு வெல்லத் தரகர் சம்மந்தத்தினுடையது. உள்ளே போன கைகள் எங்கள் கொம்யூனின், பல ஊர் சேர்ந்த எங்கள் வட்டாரத்தின், இரண்டு பெரிய தலைகளுடையவை. ஒருவர் அரசமேட்டு அரங்கநாதன், பெண்ணின் தகப்பனார். இன்னொருவர் புதுஏரி சுப்புராயன்.

பத்து வருஷமாக ஒருவர் போன வண்டிப்பாதையில் இன்னொருவர் வண்டி போனதில்லை. பிரெஞ்சுக்காரன் கொடி பறந்தவரைக்கும் அரங்கநாதன் அந்தக் கொடிக்கு ஆள். சுப்புராயன், இந்தியாவோடு சேர வேண்டும் என்ற இணைப்புக் கட்சி. சுப்புராயனுடைய வைக்கோல்போர் இரண்டு தடவை எரிந்தது. கொளுத்தினது யார் என்று யாரும் விசாரிக்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்த சங்கதியை விசாரித்து என்ன ஆகப்போகிறது? பிறகு ஐம்பத்து நாலில் கொடி மாறியது. மாறுவதற்கு முந்தின வாரமே அரங்கநாதன் கதர்ச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டார் என்று தையல்காரர் சொன்னார். தையல்காரர்கள் பொய் சொல்லுவார்கள்தான், ஆனால் அளவு விஷயத்தில் சொல்ல மாட்டார்கள்.

மறு வருஷம் முனிசிப்பல் தேர்தல். அரங்கநாதன் ஆட்கள் ஏழு பேர் ஜெயித்தார்கள். சுப்புராயன் ஆட்களும் ஏழு. மிச்சம் நாலு பேர் கடற்கரைக் குப்பங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்குத் தலைவர் செல்லப்பன். இந்தப் பதினெட்டுப் பேரும் கூடி ஒரு மேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மேர் என்றால் கொம்யூனுக்கு ராஜா மாதிரி. பிறந்தவன், செத்தவன், கட்டிக்கொண்டவன் எல்லாரும் அவர் கையெழுத்தில்தான் பிறந்து, செத்து, கட்டிக்கொண்டாக வேண்டும்.

துண்டுக்குள் விரல் விரலாகப் பேசினது இதுதான். சுப்புராயன் மேர். அரங்கநாதனின் ஏழு பேரும் அவருக்குப் போடுவார்கள். பதிலுக்கு ஏரி வேலை, ரோடு வேலை எல்லாம் அரங்கநாதன் காட்டுகிற ஆளுக்கு. எல்லாம் சரி. ஆனால் அரங்கநாதன் வார்த்தையை வெறுங்கையோடு வாங்கிக்கொண்டு போக சுப்புராயன் பச்சைக் குழந்தை இல்லை. ஈடு கேட்டார். அரங்கநாதன் வீட்டில் ஒரே ஒரு பெண் இருந்தது. சுப்புராயன் வீட்டில் கல்யாணம் ஆகாத பிள்ளை ஒருத்தன் இருந்தான். சம்மந்தம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அரங்கநாதன் அன்றைக்கே மகளிடம் சொல்லிவிட்டார். மறைத்துப் பேசுகிற பழக்கம் அவருக்கு மகளிடம் மட்டும் கிடையாது. மூன்று பிள்ளைகள் தங்காமல் போன பிறகு தங்கின பெண். கரும்பு வெட்டு நடக்கும்போது வண்டியில் பக்கத்தில் உட்காரவைத்துக் கூட்டிப்போவார். எந்தத் தரகன் எதற்குச் சிரிக்கிறான் என்று காதில் சொல்லிக்கொடுப்பார்.

"மாட்டுச் சந்தையில பேசினேனேன்னு நெனைக்காதம்மா."

"நெனைக்கல நைனா. மாட்டுக்குப் பல்லாவது பாப்பாங்க."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அந்த வூட்டுல என்னை ஒருத்தனும் நம்ப மாட்டான். உன்னை நம்புவாங்க. நான் குடுத்தனுப்புறது உன்னை இல்லடி, என் வாக்கை. நீதான் என் வாக்கு. தெரியுதா?"

அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சீரையும் நகையையும் எல்லாப் பெண்ணும்தான் கொண்டுபோகிறாள். தகப்பன் வாக்கைக் கொண்டுபோகிறவள் எத்தனை பேர்? பத்தொன்பது வயசில் அந்தப் பெருமை போதும், எந்த வாசலுக்குள்ளும் நிமிர்ந்து நுழைந்துவிடலாம்.

ஆனியில் கல்யாணம். இரண்டு கட்சியும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்க்கப் பூரணாங்குப்பத்திலிருந்துகூட ஜனம் வந்தது. சாம்பார் வாளியைவிட பந்தியின்மேல்தான் எல்லார் கண்ணும்.

மாப்பிள்ளை தங்கவேல் டவுனில் படித்தவன். சைக்கிள் வைத்திருந்தான். முதல் நாளே அவளைப் பார்த்து, "எதிரி நாட்டு இளவரசிக்கு எங்க அரண்மனை பிடிச்சிருக்கா?" என்று கேட்டான்.

"அரண்மனை பரவாயில்ல. வைக்கப்போருதான் கொஞ்சம் சின்னதா இருக்குது."

"ரெண்டு வாட்டி எரிஞ்சா சின்னதாத்தான் இருக்கும்."

அவள் முகம் சுண்டிப்போனதைப் பார்த்து அவனே வாய்விட்டுச் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பில்தான் அவள் விழுந்தாள். அதன்பிறகு அவன் கூப்பிடுவதெல்லாம் இளவரசி என்றுதான். சாயங்காலம் சைக்கிள் மணி சந்து முனையில் கேட்டால் அவள் கையிலிருக்கிற வேலை தானாக நின்றுவிடும். மாமியார் கெங்கம்மாள் இதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள்.

ஒருநாள் சுப்புராயன் மோரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைக்காமல் கேட்டார்: "ஏம்மா, உங்கப்பன் கடைசிவரைக்கும் நிப்பானா?"

"நிப்பாரு மாமா."

"எப்பிடிச் சொல்றே?"

"நான் இங்க இருக்கேனே."

அவர் தலையாட்டினார். அவளுக்கும் அதைவிடப் பெரிய சாட்சி இந்த உலகத்தில் இருப்பதாகத் தோன்றவில்லை.

மேர் தேர்தலுக்கு நாள் குறித்தது ஆடி மாசக் கடைசியில். இங்கேதான் ஒரு விஷயம் இருக்கிறது. புதுசாகக் கல்யாணம் ஆன பெண்ணைத் தலை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போவது வழக்கம். ஆடியில் புருஷனும் பெண்சாதியும் ஒரே வீட்டில் இருந்தால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், குடும்பத்துக்கு ஆகாது என்று ஒரு பயம். யாரும் இதை மறுக்க முடியாது. கடன்காரனே வந்து கேட்டாலும் ஈட்டுப் பொருளைத் திருப்பிக் கொடுக்காத சுப்புராயன்கூட ஆடி அழைப்பை மறுக்க முடியாது.

ஆடி பிறக்கிற அன்றைக்கே அரங்கநாதன் சீர் வரிசையோடு வந்து நின்றார். மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி, சம்பந்திக்கு வெள்ளிக் கும்பா. சுப்புராயன் முகம் முழுக்கச் சிரிப்பு. "உங்க பொண்ணு, நீங்க கூட்டிப்போறீங்க. நான் இன்னா சொல்லப்போறேன்?" என்றார்.

கெங்கம்மாள் மருமகளுக்குப் பெட்டி கட்டினாள். நிச்சயதார்த்தப் புடவை போயிற்று. கூறைப் புடவை போயிற்று. குத்துவிளக்கும் போயிற்று.

"ஒரு மாசத்துக்கு இவ்ளோ எதுக்கு அத்தை?"

"இங்க பூச்சி அரிக்கும்டி. அங்க உங்கம்மா பாத்துப்பா."

தங்கவேல் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக் கயிற்றை இறுக்கிக் கட்டினான். "ஆவணி ஒண்ணாந்தேதி நானே வந்து இளவரசியைக் கூட்டியாருவேன்" என்றான். சொல்லும்போது முடிச்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். முடிச்சு அவிழ்ந்துவிடக்கூடாதே என்ற அக்கறை என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

அரசமேட்டு வீட்டில் ஆடி பாதி ஓடியிருக்கும். ஒரு காலையில் தரகர் சம்மந்தம் வந்தார். கூடத்தில் தகப்பனாரோடு உட்கார்ந்தார். தனக்கொடி காப்பி எடுத்துக்கொண்டு போனபோது அவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "செல்லப்பன் சரின்னுட்டான். அவன் நாலு, உங்க ஏழு. நீங்கதான் மேரு. குப்பத்துக்கு ரோடு போட்டுக் குடுத்தா போதும்னுட்டான்."

அவள் டம்ளரை வைத்தாள். சம்மந்தம் எழுந்து துண்டைத் தேடினார்.

"யாரு மேரு, நைனா?"

"உக்காரு."

"புதுஏரிக்காரருக்குத்தானே போடுறதாப் பேச்சு?"

"பேச்சுதான். அந்தாளு நாற்காலியில உக்காந்தா எனக்கு ரோடு வேலை குடுப்பான்னு நெனைக்கிறியா? வைக்கப்போரை மறந்துட்டிருப்பான்னு நெனைக்கிறியா?"

"அப்ப என்னை எதுக்கு அங்க அனுப்புனீங்க?"

"அதான் கூட்டியாந்துட்டேனே!" அரங்கநாதனுக்கு நிஜமாகவே வருத்தமாகிவிட்டது, மகளுக்கு இவ்வளவு எளிய விஷயம் புரியவில்லையே என்று. "உன்னை அங்க வெச்சுக்கிட்டு நான் இதைச் செய்வேனா? ஆடி வரட்டும், பொண்ணு பத்திரமா வூடு வந்து சேரட்டும்னுதானே இவ்ளோ நாள் சும்மா இருந்தேன்? கல்யாணத்தை ஆனியில வெச்சதே அதுக்குத்தானே?"

அவள் அவரையே பார்த்தாள். ஆனியிலேயே. முகூர்த்தம் குறிக்கும்போதே. பந்தியில் உட்கார்ந்து சம்பந்தி இலைக்கு லட்டு வைக்கச் சொல்லும்போதே.

"நான் உங்க வாக்குன்னு சொன்னீங்களே."

"ஆமா. வாக்கு பத்திரமா வூட்டுக்கு வந்துருச்சு, இல்ல?"

"எனக்குப் புருஷன் இருக்கான் நைனா."

"எங்க போயிடுவான்? மேரு பொண்ணை எவனாவது வேணாம்பானா? ஆவணியில அவனே சைக்கிள்ல ஓடியாருவான் பாரு."

சமையல்கட்டிலிருந்து அம்மா கலியம்மாள் எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. வீட்டுக்கே தெரிந்திருக்கிறது. தரகர்கள் சிரிப்பதையெல்லாம் கணிக்கச் சொல்லிக்கொடுத்தவர் தன் சிரிப்பை மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லி வண்டி கட்டச் சொன்னாள். வண்டிக்காரன் கலியன் கோயில் பக்கம் திருப்பினபோது, "புதுஏரிக்குப் போ" என்றாள்.

"ஆடியில பொறந்த வூட்டை வுட்டு அங்கியா? ஐயா என்னைத் தோலை உரிச்சிருவாரு, பாப்பா."

"அவருக்கு இப்ப உரிக்க வேற ஆளுங்க இருக்காங்க. நீ போ."

அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. தான் சொன்ன வார்த்தையைத் தானே போய்த் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும். நிப்பாரு மாமா என்று சொன்ன வாயாலேயே, நிக்க மாட்டாரு, ஜாக்கிரதையா இருங்க என்று சொல்லிவிட வேண்டும். பிறகு அந்த வீட்டார் என்ன நினைத்தாலும் தங்கவேலின் பெண்சாதி பொய்க்காரி இல்லை என்பதாவது நிலைக்கும். வழி நெடுக அதை எப்படிச் சொல்வது என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

நடுப்பகல். புதுஏரி வீட்டு வாசலில் கெங்கம்மாள் கையை விரித்து நின்றாள்.

"ஆடியில வாசப்படி மிதிக்கலாமாடி? உங்கம்மா இதெல்லாம் சொல்லிக் குடுக்கலியா?"

"மிதிக்கல அத்தை. மாமாகிட்ட ஒரு வார்த்தை. வாசல்ல நின்னே சொல்லிட்டுப் போறேன்."

உள்ளே சாப்பாட்டுச் சத்தம் கேட்டது. கோழிக் குழம்பு வாசனை. சுப்புராயனின் குரல் தெளிவாக வந்தது, விருந்தாளிக்குப் பரிமாறும்போது வருகிற குரல்:

"அரங்கநாதன் கதை முடிஞ்சுது, செல்லப்பா. பொண்ணை அனுப்பிவெச்சாச்சு, சீரு செனத்தியோட. ஆடி முடிஞ்சாலும் நாங்களாக் கூப்பிடப் போறதில்ல. உன் நாலு, என் ஏழு. குப்பத்துக்கு ரோடு என் பொறுப்பு. இன்னொரு துண்டு போடட்டுமா?"

கெங்கம்மாள் சட்டென்று இருமினாள். லேட்டாகிவிட்டது.

தனக்கொடி வாசற்படியை மிதித்தாள். ஆடியில் மிதித்தாள். கூடத்தில் செல்லப்பன் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கறுத்து மெலிந்த மனிதர், உப்புக்காற்றில் வெளுத்த மீசை. சுப்புராயன் கையில் கரண்டி. பக்கத்தில் தண்ணீர்ச் சொம்போடு தங்கவேல்.

அவள் மாமனாரைப் பார்க்கவில்லை. புருஷனைத்தான் பார்த்தாள்.

"பெட்டி கட்டும்போதே உங்களுக்குத் தெரியுமா?"

தங்கவேல் சொம்பைப் பார்த்தான். "அப்பா... கொஞ்ச நாளைக்குத்தான்னு சொன்னாரு."

"எவ்ளோ நாளைக்கு?"

"ஓட்டு முடியட்டும்னு. அப்புறம் பாத்துக்கலாம்னு..."

"பாத்துக்கலாம்னு" என்று அவளும் சொன்னாள். அந்தச் சொல்லை வாயில் போட்டு ருசி பார்க்கிற மாதிரி. இவ்வளவு தூரம் வண்டியில் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது எதுவும் இப்போது தேவைப்படவில்லை. இரண்டு பக்கமும் அவளை அனுப்பிவைக்க அவசரப்பட்டிருக்கிறது. ஆடி இரண்டு பேருக்கும் சௌகரியமாக வந்திருக்கிறது.

செல்லப்பன்தான் முதலில் பேசினார். சாப்பாட்டிலிருந்து கையை எடுக்காமலே. "அரங்கநாதன் பொண்ணா நீ? உங்க வூட்டுலயும் போன மாசம் சாப்பிட்டேன் பாப்பா. ஆட்டுக்கறி. உங்கம்மா கையி நல்ல கையி."

சுப்புராயன் கரண்டி அந்தரத்தில் நின்றது. "அரங்கநாதன் வூட்டுலயா?"

"அங்கியும் ரோடுதான் சொன்னாங்க."

தனக்கொடி கேட்டாள்: "ஏன் பெரியவரே, ரெண்டு பேரும் உங்களுக்குத் தர்றது அதே ஒரு ரோடுதான். அதைப் போடுற நாற்காலியில நீங்களே உக்காந்தா இன்னா? எங்க நைனா இவரு ஜெயிக்கிறதுக்கு வுட மாட்டாரு. இவரு எங்க நைனாவை வுட மாட்டாரு. நீங்கன்னா ரெண்டு பேருக்கும் பாதி வயித்தெரிச்சலோட போயிடும்."

செல்லப்பன் கொஞ்ச நேரம் மென்றார். கரையில் தினமும் மீன் ஏலம் விடுகிற மனுஷன். கேட்கிறவன் முகத்தில் விலை எங்கே நிற்கிறது என்று அவருக்குத் தெரியும். இலையை மடித்தார்.

"சுப்புராயன், எனக்கு ரோடு வேணாம். உன் ஏழு பேரும் எனக்குப் போடட்டும். மாட்டேன்னா இதோ வாசல்ல அரசமேட்டு வண்டியே நிக்குது, ஏறிப் போயிடுறேன்."

சுப்புராயன் மாட்டேன் என்று சொல்லவில்லை. அரங்கநாதன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைக் கண்ணை மூடிப் பார்த்தார், அவ்வளவுதான், ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்ட பிறகும் செல்லப்பன் வண்டியில் ஏறிக்கொண்டார், கலியன் பக்கத்தில், முன்னால். தங்கவேல் வாசல்வரை வந்தான். "இளவரசி" என்றான். வண்டி கிளம்பிவிட்டது.

ஏரிக்கரை தாண்டினதும் செல்லப்பன் திரும்பினார். "உனக்கு இதுல இன்னா லாபம் பாப்பா?"

"ஒண்ணுமில்ல."

"லாபமில்லாம ஒருத்தரும் வண்டி கட்ட மாட்டாங்களே."

"அவங்க ரெண்டு பேருக்கும் நஷ்டம் ஆகணும். அவ்ளோதான்."

கொஞ்ச தூரம் போனபிறகு செல்லப்பன் கலியனிடம் வண்டியைப் பள்ளம் பார்த்து ஓட்டச் சொன்னார்.

அரசமேட்டிலும் அதே பேச்சு, அதே முடிவு. தேர்தல் நாளில் மேரியில், மேரின் கச்சேரியில், பெட்டியைத் திறந்து சீட்டுகளைப் பிரித்தால் பதினேழு சீட்டில் செல்லப்பன் பேர். சுப்புராயன் அரங்கநாதனைப் பார்த்தார், அரங்கநாதன் சுப்புராயனைப் பார்த்தார். அடுத்தவனை மட்டும் கவிழ்த்துவிட்டோம் என்று இரண்டு பேரும் வீட்டிலிருந்து சந்தோஷமாகக் கிளம்பி வந்தவர்கள். ஒரே ஒரு சீட்டு மட்டும் வெள்ளை. அது செல்லப்பனுடையது, தன் பேரைத் தானே எழுத அவருக்குக் கூச்சம்.

ஆவணி பிறந்தது. தோற்றுப்போன இரண்டு பேருக்கும் ஒருவரைவிட்டால் ஒருவருக்கு வேறு துணை இல்லை. அடுத்தாற்போல் சட்டசபைத் தேர்தல் வேறு வந்துகொண்டிருந்தது. சம்மந்தம் மறுபடி துண்டோடு நடந்தார். சுப்புராயன் அரங்கநாதன் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தார், கூடவே தங்கவேல். நடந்தது நடந்துபோச்சு, பெண்ணை அனுப்பிவையுங்கள் என்றார். அரங்கநாதன் அதற்கென்ன, உங்க வூட்டுப் பொண்ணு என்றார். வெற்றிலைத் தட்டு இரண்டு பேருக்கும் நடுவே போயிற்று, வந்தது.

தனக்கொடி உள்ளேயிருந்து வந்தாள்.

"நான் புதுஏரிக்கும் போகல. இங்கயும் இருக்கப்போறதில்ல. ரோட்டோரம் இருக்குதே, கேணி இருக்குற ரெண்டு காணி, அதை எம்பேருக்கு எழுதிக் குடுங்க நைனா. மாமா அங்க வூடு கட்டித் தரட்டும். அங்க இருக்கேன்."

"தனியாவா?" என்றார் சுப்புராயன்.

"உங்க பிள்ளை வந்தா வரட்டும். கதவைத் தட்டட்டும். தொறக்கிறதை நான் பாத்துக்கிறேன்."

தங்கவேல் தலையைக் குனிந்துகொண்டான். அரங்கநாதனுக்கு மீசை துடித்தது. "குடும்பத்துல இல்லாத பழக்கம். முடியாது."

"முடியாதுன்னா வேணாம். நான் இல்லாம நீங்க ரெண்டு பேரும் கூட்டுச் சேருங்க. யாரு யாரை நம்புறீங்கன்னு பாக்குறேன்."

சம்மந்தம் துண்டை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அவர் வாழ்நாளில் துண்டில்லாமல் நடந்து பார்த்த ஒரே வியாபாரம் அது.

"சரி" என்றார் அரங்கநாதன் கடைசியில். "நிலம் உன்னுது. போதுமா? நான் சொல்லிட்டேன்."

"நொத்தேர்கிட்ட வந்து சொல்லுங்க."

"என் பொண்ணுக்கு நான் வாய்வார்த்தையாச் சொன்னா ஆகாதா?"

அவள் கொடியிலிருந்து அவருடைய கதர்ச் சட்டையை எடுத்து நீட்டினாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் போய்ச் செருப்பைத் தேடினார்.

பத்திரங்களை எழுதிப் பதிகிற நொத்தேர் புதுச்சேரி டவுனில் இருந்தார். அந்த ஆபீஸில் குமாஸ்தா ஆரோக்கியம் பத்திரம் எழுதினார். அரங்கநாதன் வெள்ளை வேட்டி கட்டி, கதர்ச் சட்டை போட்டு, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். எழுதி முடித்ததும் பேனாவை வாங்கக் கையை நீட்டினார்.

"மொதல்ல படிச்சுக் காட்டுங்க" என்றாள் தனக்கொடி.

ஆரோக்கியம் படித்தார். நான்கு எல்லையும் படித்தார். கேணி விட்டுப்போயிருந்தது, அவள் சொல்லிச் சேர்த்தார். அரங்கநாதன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விடச் சொன்னதா, குமாஸ்தா விட்டதா என்று அவள் கேட்கவில்லை.

"உறவுமுறை போடணும்" என்றார் ஆரோக்கியம். "தகப்பனார், மகள்னு எழுதிடட்டுமா?"

அரங்கநாதன் திரும்பி மகளைப் பார்த்தார்.

"எழுதிக் குடுக்குறவர், எழுதி வாங்குறவள்னு போடுங்க" என்றாள் தனக்கொடி. "அது போதும்."